முக்கோணச் சுவருக்குக் கீழே பன்னிரண்டு கட்டில்கள்

சுவருக்குள் என் கை மணிக்கட்டு வரை போனது.

சாரத்தின் மேல் நின்றிருந்தேன். தரையிலிருந்து பத்தடி உயரம். மே மாதத்தின் பிற்பாதி. ஓட்டுக் கூரையின் சூடு உச்சந்தலையில் இறங்கிக்கொண்டிருந்தது. கொத்தனார் இசக்கிமுத்து அந்த மூலையில் இருந்த பழைய பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, விலகி எனக்கு இடம் விட்டார்.

"கைய வச்சுப் பாருங்கக்கா."

வைத்தேன். செங்கல் தடுக்க வேண்டிய இடத்தில் எதுவும் தடுக்கவில்லை. பொடிந்த மண்ணும் எலி இழுத்து வைத்திருந்த பஞ்சும் விரலில் பட்டன. அதற்கும் அப்பால் விரல் நுனியில் வெளிக்காற்று பட்டது.

ஒரு கட்டடத்தின் மூலையில் இரண்டு சுவர்கள் சந்திக்கும்போது செங்கற்களை ஒரு வரிசை இந்தப் பக்கம், ஒரு வரிசை அந்தப் பக்கம் என்று மாற்றி மாற்றிக் கோத்துக் கட்டுவார்கள். பெண்ணின் தலைப்பின்னல் மாதிரி. இங்கே அந்தக் கோவையே இல்லை. நீளச் சுவர் தன்பாட்டுக்கு முடிந்திருந்தது. முகப்புச் சுவர் அதன் முன்னால் வந்து தனியாக நின்றது. நடுவில் இருந்த இடைவெளி கீழே ஒரு விரல்கடை. மேலே போகப் போக அகன்று, கூரையோரத்தில் என் கை நுழையும் அளவு. அப்படியென்றால், முகப்புச் சுவர் மெல்ல வெளிப்பக்கம் சாய்ந்துகொண்டிருக்கிறது.

"ரெண்டும் ஒட்டவே இல்லக்கா," என்றார் இசக்கிமுத்து. "இந்தச் சுவரப் பெறகு கொண்டாந்து சும்மா சேத்து வச்சிருக்கான். மேல பூசி மறைச்சிட்டான்."

நான் கீழே பார்த்தேன். அந்தச் சுவரின் அடியில் பன்னிரண்டு இரும்புக் கட்டில்கள், தார்ப்பாய் போர்த்தி, ஒன்றோடொன்று நெருக்கிப் போடப்பட்டிருந்தன. பள்ளி திறக்கப் பத்து நாள் இருந்தது. பத்தாம் நாள் அந்தக் கட்டில்களில் பிள்ளைகள் படுப்பார்கள்.

அதிர்ந்த மதியம்

நான் பழைய கட்டடங்களின் உறுதி பார்க்கிற இஞ்சினியர் என்பதை, இந்தத் தொடரைப் போன வாரங்களில் படித்தவர்கள் அறிவார்கள். புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வரி: கல்யாண வீட்டுக்குப் போனாலும் பந்தியில் உட்காருவதற்கு முன்னால் மண்டபத்துச் சுவரை விரலால் தட்டிப் பார்க்கிற ஆள். என் கணவர் இதற்காகவே என்னை விட்டுத் தள்ளி நடப்பார்.

இன்று சொல்லப் போவது பாளையங்கோட்டையில் ஒரு பெண்பிள்ளைகள் விடுதியைப் பற்றி. பெயர் வேண்டாம். இன்றும் அங்கே பிள்ளைகள் தங்கிப் படிக்கிறார்கள். மிஷன் காலத்துக் கட்டடம். ஒரே நீண்ட ஹால், ஒன்றரை அடிக் கனத்தில் செங்கல் சுண்ணாம்புச் சுவர், மேலே மரச்சட்டமும் ஓடும். இரும்புக் கம்பி என்று பேருக்கு ஒன்றுகூடக் கிடையாது. நூறு வருடத்துக்கு மேலாக நின்றிருக்கிறது.

நான் அந்தச் சாரத்தில் ஏறியதற்கு முந்தைய வருடம் ஒரு மதியம் எங்கள் பக்கம் பூமி லேசாக அதிர்ந்தது. என் வீட்டுச் சமையலறை அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசின. லாரி போகிறது என்று நினைத்தேன். லாரி போயிருக்க வேண்டிய நேரம் கழிந்தும் உரசிக்கொண்டிருந்தன. பிறகு நின்றது. தெருவில் ஆட்கள் வெளியே வந்து, வெயிலுக்குக் கண்மேல் கைவைத்து நின்று, சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். எங்கும் ஒரு ஓடுகூட விழவில்லை.

"நமக்கெல்லாம் பூகம்பம் வராதுவே," என்று எதிர்வீட்டுக்காரர் யாரிடமோ சொன்னது கேட்டது. அது முழுப் பொய்யும் இல்லை. நம் மாவட்டம் பெரிய பூகம்பங்களுக்குப் பேர்போன இடம் அல்ல. ஆனால் பழைய சுவர் விழுவதற்குப் பெரிய பூகம்பம் தேவையில்லை. அதைத் தெரிந்துகொண்ட விதத்தைக் கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன்.

அன்று சாயங்காலம் செல்வராணி டீச்சர் போன் செய்தார். பள்ளியில் கணக்கு டீச்சர், விடுதிக்கு வார்டன். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அந்த ஹாலிலேயே பிள்ளைகளோடு படுத்து எழுகிறவர். சர்ச்சில் பார்த்தால் தலையசைத்துக்கொள்ளும் பழக்கம் மட்டுமே எங்களுக்குள் இருந்தது.

"கிரேஸ், சுவத்துல ஒரு வெடிப்பு விட்டிருக்கு. பிள்ளையள உள்ள படுக்கப் போடலாமா, கூடாதா? அத மட்டும் சொல்லுங்க."

சுவருக்கு அருணாக்கயிறு

போய்ப் பார்த்தேன். அந்த வெடிப்பு பழசுதான், பூச்சில் மட்டும் இருந்தது. ஆனால் தட்டிப் பார்த்தபோது மற்றக் குறைகள் தெரிந்தன. மரச்சட்டங்கள் சுவரின் மேல் வெறுமனே உட்கார்ந்திருந்தன. சுவர்களை ஒன்றோடொன்று பிடித்து நிறுத்த எதுவும் இல்லை. இரண்டு முனையிலும் ஓட்டின் சரிவு வரை ஏறிப் போன முக்கோணச் சுவர்கள் மேலே எந்தப் பிடிமானமும் இன்றி நின்றன.

கமிட்டியில் இரண்டு கட்சி. இடித்துவிட்டுக் கான்கிரீட்டில் கட்டலாம் என்றவர்கள் சிலர். இத்தனை காலம் நின்றது இனியும் நிற்கும் என்றவர்கள் பலர். இடித்தால் திரும்பக் கட்டி முடிக்க எத்தனை வருடம் ஆகும், அதுவரை பிள்ளைகள் எங்கே இருப்பார்கள் என்று செல்வராணி டீச்சர் கேட்டார். இடிக்காமலே பலப்படுத்தலாம் என்று நான் எழுந்து சொன்னேன்.

நான் படித்த கல்லூரியில் செங்கல் சுவருக்கு ஒரே ஒரு வகுப்புத்தான் எடுத்தார்கள். மீதி வருடமெல்லாம் கான்கிரீட். ஆனால் நம் ஊர்ப் பள்ளிகளும் சர்ச்சுகளும் தாலுகா கச்சேரிகளும் பாதிக்குமேல் செங்கல் சுவரில்தான் நிற்கின்றன. அவை பாரத்தைத் தாங்கத் தெரிந்தவை. மேலிருந்து எவ்வளவு வைத்தாலும் கீழே இறக்கிவிடும். பக்கவாட்டில் ஆட்டினால்தான் ஒவ்வொரு சுவரும் தன் போக்கில் ஆடத் தொடங்கும். ஒன்று கிழக்கே இழுக்க, ஒன்று தெற்கே இழுக்க, மூலை பிளந்துவிடும். பிளந்த பிறகு சுவர் தனி ஆள்.

ஆகவே எங்கள் வேலை சுவர்களைச் சேர்த்துக் கட்டுவது. ஜன்னல்களுக்கு மேலே, கட்டடத்தைச் சுற்றி ஒரு முழ அகலத்துக்குப் பூச்சை எடுப்போம். உள்ளேயும் வெளியேயும் கம்பி வலையை வைத்து, சுவரைத் துளைத்து இரண்டையும் கம்பியால் கோத்து, மேலே பூசிவிடுவோம். அப்புறம் மரச்சட்டங்களைச் சுவரோடு இரும்புப் பட்டை போட்டுப் பிணைப்போம். முறைகள் வேறு வேறு, கருத்து இதுதான்.

சீவலப்பேரிக்காரரான இசக்கிமுத்துவிடம் முதல்நாள் இதை விளக்கியபோது அவர் ஒரே வரியில் முடித்துவிட்டார்.

"அப்பம் சுவருக்கு அருணாக்கயிறு கட்டுதோம்."

அதற்குப் பிறகு வேலையாட்கள் எல்லாரும் அதை அப்படியே சொன்னார்கள். நானும்தான்.

விடுமுறையில் வேலை தொடங்கியது. நீளச் சுவர்கள் இரண்டும் முடிந்தன. முகப்பு மூலை மட்டும் பாக்கி. அதைக் கடைசிக்கு விட்டதற்குக் காரணம் இருந்தது. அந்த மூலையை ஒரு பெரிய மர அலமாரி அடைத்திருந்தது. முந்தைய வருடம் நான் பார்வையிடப் போனபோதும் அது அங்கேதான் இருந்தது. நகர்த்த ஆறு பேர் வேண்டும். அன்று நாங்கள் மூன்று பேர். "பிறகு பார்க்க வேண்டும்" என்று நோட்டில் எழுதிவிட்டு அடுத்த மூலைக்குப் போய்விட்டேன்.

ஒரு வருடம் முழுக்கப் பிள்ளைகள் அந்தச் சுவருக்குக் கீழே படுத்திருந்தார்கள். அந்த ஹால் ஆதியில் குட்டையாக இருந்து, பிறகு யாரோ நீட்டியிருக்கிறார்கள். நீட்டியவர்கள் கோத்துக் கட்டவில்லை. அலமாரியை அன்றே நகர்த்தியிருந்தால் அன்றே தெரிந்திருக்கும். அது என் தவறு. வேறு யாருடையதும் அல்ல.

ஹன்ஸா

சாரத்திலிருந்து இறங்கி, ஹாலின் வாசற்படியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். இசக்கிமுத்து சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். குடித்தேனா என்று நினைவில்லை. நான் அப்போது வேறு ஊரில் இருந்தேன்.

எனக்கு இருபத்தாறு வயதாக இருக்கும்போது குஜராத்தில் பூகம்பம் நடந்தது. முதல் வேலையில் சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. மீந்து நின்ற வீடுகளைப் பார்வையிட இஞ்சினியர்கள் வேண்டும் என்றார்கள், போனேன். கட்ச் பக்கம் ஒரு கிராமம். மண்ணும் கல்லும் வைத்துக் கட்டிய வீடுகள். பாதி தரையோடு தரையாகக் கிடந்தன.

பெயிண்ட் டப்பாவும் பிரஷ்ஷுமாக வீடு வீடாகப் போவோம். பச்சைக் கோடு போட்டால் குடியிருக்கலாம். சிவப்பு என்றால் கிட்டே போகக் கூடாது. மஞ்சள் என்றால் உள்ளே போய்ச் சாமான் எடுத்துக்கொண்டு உடனே வந்துவிடலாம், தங்கக் கூடாது.

ஹன்ஸா என் வயதுப் பெண். தையல்காரி. அவள் வீட்டில் யாருக்கும் அடிபடவில்லை. நான்கு சுவரும் நின்றன. வீட்டுக்குள் அவளுடைய தையல் மெஷின் இருந்தது. எனக்கு அவள் பாஷை தெரியாது, அவளுக்கு என் பாஷை தெரியாது. வீட்டைக் காட்டினாள், கையால் மெஷின் சக்கரத்தைச் சுற்றிக் காட்டினாள். இரண்டு விரலை நீட்டி, "பே மினிட்," என்றாள். இரண்டே நிமிஷம்.

நான் வெளியே ஒருமுறை சுற்றி வந்தேன். நின்ற சுவர்களைத்தான் பார்த்தேன். உள்ளே போய் அண்ணாந்து, கூரைக்கடியில் இருந்த முக்கோணச் சுவரைப் பார்க்கவில்லை. பிற்பகலுக்குள் இன்னும் பதினைந்து வீடு பார்க்க வேண்டியிருந்தது. மஞ்சள் கோடு போட்டேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன்.

அவள் உள்ளே போனதும் பூமி ஆடியது. பெரிதாக ஒன்றும் இல்லை. பெரிய பூகம்பத்துக்குப் பிறகு தினமும் வருகிற சின்ன ஆட்டம்தான். என் கையில் இருந்த டப்பாவில் பெயிண்ட் தளும்பக்கூட இல்லை. வீட்டுக்குள் கற்கள் சரிகிற சத்தம் கேட்டது. நான்கு சுவரும் அப்படியே நின்றன. மேலே இருந்த முக்கோணம் மட்டும் உட்பக்கமாக விழுந்திருந்தது.

கைகளால்தான் கற்களை எடுத்தோம். அவளுடைய அண்ணன் என் பக்கத்தில் நின்று எடுத்தான். எடுக்கும்போது அவன் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிறகும் சொல்லவில்லை. ஹன்ஸாவை வெளியே கொண்டுவந்தபோது உயிர் இல்லை.

விசாரணை எதுவும் நடக்கவில்லை. அத்தனை சாவுகளுக்கு நடுவில் இதுவும் ஒன்று. ஊருக்குத் திரும்பி வந்தேன், வேலை மாறினேன், கல்யாணம் செய்துகொண்டேன், இரண்டு பிள்ளைகள் பெற்றேன். இதை ஒருவரிடமும் சொல்லவில்லை. கணவரிடம்கூட இல்லை. பழைய சுவர்களைப் பார்க்கிற வேலையை மட்டும் விடவில்லை.

சாவி

மறுநாள் காலை மறு மூலையையும் கொத்திப் பார்த்துவிட்டு, ஹாலிலேயே வைத்துச் செல்வராணி டீச்சரிடம் விஷயத்தைச் சொன்னேன். அந்த முனையின் இரண்டு மூலையும் ஒட்டவில்லை. மேல் முக்கோணத்தைச் செங்கல் செங்கலாக இறக்க வேண்டும். மூலைகளைத் துளைத்து, கம்பி செலுத்தி, சுண்ணாம்புக் குழம்பு ஊற்றித் தைக்க வேண்டும். அது இறுகுவதற்கு நாள் பிடிக்கும். மொத்தம் ஏழு வாரம். அதுவரை ஹாலில் யாரும் படுக்கக் கூடாது.

அவர் முகப்புச் சுவரை நிமிர்ந்து பார்த்தார்.

"பாதி ஹாலையாவது குடுங்க. அந்த மொனைக்கு யாரும் போவாம நான் பாத்துக்கிடுதேன்."

"கூரை ஒண்ணுதான டீச்சர். ஒரு மொன போனா மத்ததையும் இழுத்துட்டுத்தான் போவும்."

"இத்தன வருசம் நிக்கலியா?"

"நின்னுச்சு. நேத்து அதுக்குள்ள என் கை போச்சு டீச்சர்."

"கிரேஸ், எஸ்டேட்டுப் பிள்ளையள் எல்லாம் மலையில இருந்து பொட்டியோட எறங்கி வரும். வீட்டுக்குப் போன்னு சொல்லவா? ஒரு தடவ திருப்பி அனுப்பினா அதுவள்ல எல்லாம் திரும்பி வராது. இருபது வருசமா பாக்கேன். ஒண்ண வேலைக்கு அனுப்பிருவாவ. ஒண்ணுக்கு மாப்பிள பாத்துருவாவ. உங்க சுவரு விழுமோ விழாதோ, இது நடக்கும்."

அவர் சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை. அதனால்தான் எனக்கு வேறு வழி தெரியவில்லை. அங்கேயே, அந்தக் கட்டில் ஒன்றின் விளிம்பில் உட்கார்ந்து, ஹன்ஸாவைப் பற்றிச் சொன்னேன். இருபது வருடத்துக்கும் மேலாக வாயில் வராத பெயர். மஞ்சள் கோட்டைச் சொன்னேன். தலையாட்டியதைச் சொன்னேன்.

டீச்சர் அழவில்லை, என் கையைப் பிடிக்கவில்லை. நான் முடிக்கும் வரை கேட்டுவிட்டுச் சொன்னார்.

"நீங்க அந்தப் பிள்ளைக்காகச் சொல்லுதிய. நான் இந்தப் பிள்ளையளுக்காகச் சொல்லுதேன்."

பிறகு எழுந்து வெளியே வந்து ஹால் கதவைப் பூட்டினார். சாவியை என் கையில் வைத்தார்.

"இது உங்ககிட்டயே இருக்கட்டும். எங்கிட்ட இருந்தா நான் தொறந்துருவேன்."

பதினோரு பேர்

பள்ளி திறந்த அன்று காலை நானும் போயிருந்தேன். போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் சாவி என்னிடம் இருக்கும்போது வீட்டில் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

தகரப்பெட்டி, பிளாஸ்டிக் வாளி, சுருட்டிய பாய் என்று பிள்ளைகள் வந்தபடி இருந்தார்கள். மொத்தம் அறுபத்துநாலு பேர். சர்ச்சில் ஜெப மண்டபத்தைக் கொடுத்தார்கள். முப்பது பேர் படுக்கலாம். பள்ளியின் புதுக் கட்டடத்தில் இரண்டு வகுப்பறையை ஒழித்ததில் இன்னும் இருபத்துமூன்று பேர். எவ்வளவு நெருக்கியும் பதினோரு பேருக்கு இடம் இல்லை.

யாரைத் திருப்பி அனுப்புவது? மலையிலிருந்து வந்தவர்களை அனுப்ப முடியாது. பஸ்ஸில் தினமும் வந்து போகிற தூரத்தில் வீடு உள்ளவர்கள் போகட்டும் என்று முடிவானது. எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. தலைமை ஆசிரியை பெயர்களை வாசித்தார்.

அந்தப் பதினோரு பேரில் ஒருத்தி உயரமான பெண். பன்னிரண்டாம் வகுப்பு. சின்னப் பிள்ளைகளின் பெட்டிகளை ஜெப மண்டபத்துக்குத் தூக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். தன் பெயர் வாசிக்கப்பட்டதும் கையில் இருந்த பெட்டியைக் கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பி வந்தாள். ஹாலின் ஜன்னல் வழியாக, சுவருக்கு முட்டுக் கொடுத்திருந்த மரங்களை ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு தன் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள். அவள் பெயர் மாரிச்செல்வி என்று அப்போது எனக்குத் தெரியாது.

வேலை ஏழு வாரமும் நடந்தது. இசக்கிமுத்து முக்கோணத்தின் உச்சியிலிருந்து ஒவ்வொரு செங்கல்லாக இறக்கினார். கூட நின்ற ஆள் அவசரப்பட்டபோது, "லே, பைய எடு. இது ஒண்ண ஒண்ணு புடிச்சிட்டு நிக்கி," என்று சத்தம் போட்டார். முக்கோணத்துக்குப் பதிலாக, காற்று நுழைய இடைவெளி விட்டு, லேசான மரப்பலகைகள் அடித்தோம். மூலைகளைத் தைத்தோம். முகப்புச் சுவரை ஹாலின் நீளத்துக்கு ஓடும் இரண்டு இரும்புக் கம்பிகளால் மறுமுனையோடு இழுத்துப் பிடித்தோம். அடைத்துக் கிடந்த பின்வாசலையும் திறந்தோம்.

அந்த ஏழு வாரத்தில் பூமி ஒருதடவைகூட அசையவில்லை. தினமும் காலையில் எழுந்ததும் அதைத்தான் முதலில் நினைப்பேன். அசையாதது பற்றி நிம்மதி வரும். அதன் அடியிலேயே, அப்படியானால் அவர்களை அனுப்பியிருக்க வேண்டாமோ என்று ஒரு குரலும் வரும்.

முக்கூடல் பஸ்

வேலை முடிந்து விடுதியைத் திறந்த மூன்றாம் நாள் டீச்சர் போன் செய்தார்.

"பத்துப் பேர் வந்துட்டாவ. ஒருத்தி வரல. நாளைக்கு முக்கூடல் போறேன். நீங்களும் வாங்க."

"நான் எதுக்கு டீச்சர்?"

"சுவரப் பத்திக் கேட்டா நான் என்னத்தச் சொல்ல?"

பஸ்ஸில் அருகருகே உட்கார்ந்து போனோம். வழியெல்லாம் நடவு முடிந்த வயல்.

ஒற்றை அறை வீடு. வாசலில் மாரிச்செல்வியும் அவள் அம்மா பேச்சியம்மாளும் எதிரெதிரே உட்கார்ந்து பீடி சுற்றிக்கொண்டிருந்தார்கள். மடியில் தட்டு, தட்டில் தூளும் வெட்டிய இலையும். டீச்சரைப் பார்த்ததும் அந்தப் பெண் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றாள். விரல்கள் பழுப்பாகியிருந்தன.

முதல் இரண்டு வாரம் பஸ்ஸில் போய் வந்திருக்கிறாள். காலையில் பஸ் தாமதம், மாலையில் வீட்டு வேலை. பிறகு வாரத்தில் மூன்று நாள் என்றாயிற்று. பிறகு அதுவும் இல்லை. திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் பெண்களைக் கூட்டிப் போகிற ஆள் திங்கட்கிழமை வேன் கொண்டுவருவதாகச் சொல்லியிருந்தான். அவள் பெயரையும் சேர்த்திருந்தார்கள்.

பேச்சியம்மாள் கெட்டவள் இல்லை. எங்களுக்கு இரண்டு ஸ்டூலை எடுத்துப் போட்டாள், குடிக்கக் கலர் வாங்கிவரப் பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லப் போனாள். டீச்சர் வேண்டாம் என்று தடுத்தார்.

மாரிச்செல்வி என்னைப் பார்த்தாள். அன்று ஹால் வாசலில் சாவியோடு நின்றவள் நான்தான் என்று கண்டுகொண்டாள்.

"அந்தச் சுவரு விழுந்துட்டாக்கா?"

"இல்லம்மா."

"நாங்க போன பெறகும் விழலியா?"

"விழல."

"அப்பம் நாங்க அங்கனயே இருந்திருக்கலாம்லா."

குத்தலாகச் சொல்லவில்லை. புரியாத கணக்கைக் கேட்கிற மாதிரி கேட்டாள். இத்தனை வருடத்தில் எத்தனையோ கமிட்டிகளுக்குப் பதில் சொல்லியிருக்கிறேன். நிற்கிற சுவரைக் காட்டி, இது விழுந்திருக்கும் என்று எப்படி ஒரு பெண்ணை நம்பவைப்பது? அவள் இழந்த பள்ளி நாட்களோ அவள் விரலிலேயே தெரிந்தது.

"தப்பு எங்கிட்டயும் இருக்கும்மா," என்றேன். "ஒரு வருசம் முந்தியே அந்த மூலையத் தொறந்து பாத்திருக்கணும். பாத்திருந்தா லீவுலயே முடிஞ்சிருக்கும். நீ வீட்டுக்கு வந்திருக்க வேண்டாம்."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பேச்சியம்மாள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். இலை வெட்டுகிற கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"யம்மா, நீங்கதான் அந்த இஞ்சினியரா? இனி அது விழாதுன்னு எழுதிக் குடுப்பியளா?"

செல்வராணி டீச்சர் சட்டென்று என் பக்கம் திரும்பினார். "ஆமா" என்று ஒரு சொல் சொன்னால் போதும். அந்தப் பெண் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்களோடு வந்துவிடுவாள். டீச்சரின் கண் என்னிடம் அதைத்தான் கேட்டது. என் தலை ஆடத் தயாராக இருந்ததும் எனக்குத் தெரிந்தது.

"எழுதித் தர மாட்டேன்," என்றேன். "பெருசா ஆடிச்சுன்னா சுவரு வெடிக்கும். சில எடத்துல ஓடும் விழும். ஆனா மொத்தமா உக்காராது. பிள்ளையள் வெளிய ஓடி வர நேரம் குடுக்கும். அம்புட்டுத்தான் என்னால சொல்ல முடியும்."

டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். காரியம் கெட்டுவிட்டது என்று நினைத்தேன்.

பேச்சியம்மாள் யோசித்தாள்.

"உள்ள எத்தன பிள்ளையளு?"

"அறுபத்துநாலு."

"வாச எத்தன?"

"ரெண்டு. பின்னால ஒண்ணு அடச்சுக் கெடந்துச்சு. இப்பம் தொறந்துட்டோம்."

"கதவு உள்ள தொறக்குமா, வெளிய தொறக்குமா?"

கமிட்டியில் ஒருவர்கூட என்னிடம் இதைக் கேட்டதில்லை. வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாற்றிவிட்டோம் என்றேன். அவள் மகளைப் பார்த்தாள். மகள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அம்மா கை நீட்டி, மகளின் பாவாடையில் ஒட்டியிருந்த புகையிலைத் தூளைத் தட்டிவிட்டாள்.

"திருப்பூர்க்காரன் வந்தாம்னா நான் சொல்லிக்கிடுதேன்," என்றாள் டீச்சரிடம். "இவள வாசப் பக்கமா படுக்கப் போடுங்க."

மாரிச்செல்வி உள்ளே ஓடினாள். பெட்டியை இழுக்கிற சத்தம் கேட்டது.

விடுதிக்கு நாங்கள் மூவரும் வந்து சேர்ந்தபோது சாயங்கால ஜெபம் முடிந்து, பிள்ளைகள் ஹாலில் பாய் உதறிக்கொண்டிருந்தார்கள். கட்டில்களை எல்லாம் ஏற்கெனவே ஆள் பிடித்தாகிவிட்டது. காலியாக இருந்தது முகப்புச் சுவருக்கு அடியில் ஒன்றே ஒன்று. மறுமுனையில் வாசலை ஒட்டிய கட்டில் வார்டனுடையது. எந்தக் காலத்திலும் அப்படித்தான்.

செல்வராணி டீச்சர் அந்தக் கட்டிலில் இருந்த தன் மெத்தையைச் சுருட்டினார். தலையணையை அதன் மேல் வைத்தார். "ஏட்டி, இங்கன போடு உம் பாய," என்று மாரிச்செல்வியிடம் சொல்லிவிட்டு, சுருட்டிய மெத்தையை இரு கையாலும் அணைத்துக்கொண்டு, ஹாலின் முழு நீளத்தையும் கடந்து போனார். பிள்ளைகள் வழி விட்டார்கள். சுவரோரக் கட்டிலில் மெத்தையை விரித்து உட்கார்ந்தார். அண்ணாந்து மரப்பலகைகளைப் பார்த்தார். சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டார்.

வாசலில் நின்ற நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ன பாக்கிய?" என்றார் அங்கிருந்தே. "இங்கன காத்து நல்லா வருது."